எல்லாம் வரம்புக்குள்தான்

நீங்கள் உட்காரச் சொன்ன நாற்காலி நல்ல நாற்காலி. பின்னங்கால் ஒன்று மட்டும் ஒன்றரை மில்லிமீட்டர் குட்டை. குறையாகச் சொல்லவில்லை. எஞ்சின் தொழிற்சாலையின் அளவுச் சோதனை அறையில் இருபத்திரண்டு வருடம் குப்பை கொட்டியவனுக்கு இதெல்லாம் தானாகவே தெரிந்துவிடுகிறது.

ஞாயிற்றுக்கிழமை பந்தயத்தில் ஜெயித்த பைக்கின் எஞ்சினைப் பிரித்துப் பார்த்து, "எல்லாம் சரி" என்று உங்கள் பரிசோதனைக் குழு எழுதியிருக்கிறது. உங்கள் மீது தப்பில்லை. யாரும் கண்டுபிடிக்க முடியாதபடிதான் நான் செய்திருந்தேன். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு, மன்னிக்கவும்.

ஓட்டியவர் என் தங்கையின் கணவர். அவர்கள் மாடியில் குடியிருக்கிறார்கள், நான் கீழே. கல்யாணம் செய்துகொள்ளவில்லை, எந்த வரனும் என் வரம்புக்குள் அமையவில்லை என்று ஊருக்குச் சொல்லி வைத்திருக்கிறேன். உண்மையில் நான்தான் யாருடைய வரம்புக்குள்ளும் அமையவில்லை. ராத்திரிச் சாப்பாடு மாடியில். ஆறு வயது மருமகள் விழுந்த பல்லை ஒரு தீப்பெட்டியில் வைத்துக் கீழே கொண்டுவருவாள்.

"மாமா, இது டாலரன்ஸ்ல இருக்கா?"

வெர்னியர் அளவுகோலில் பிடித்துப் பார்த்து, "இருக்கு, பாஸ்" என்று ஒரு சீட்டில் பச்சை முத்திரை குத்திக் கொடுப்பேன். நாலு பல் பாஸாகியிருக்கிறது.

போன மாதம் மாப்பிள்ளை சாப்பிடும்போது சொன்னார்: "இந்தத் தடவை ஜெயிச்சா வெளிநாட்டு டீம்ல ரெண்டு வருஷ கான்ட்ராக்ட்டு, மச்சான். குடும்பத்தோட வரச் சொல்றாங்க."

"நாங்க போயிட்டா நீ தனியா என்ன பண்ணுவ அண்ணா?" என்றாள் தங்கை.

"என்ன பண்ணுவேன், நிம்மதியா தூங்குவேன். மாடியில பாதி ராத்திரியில கட்டில இழுக்கிறது யாரு?" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

பிறகு யோசித்தேன். தெரியாத ஊர், தெரியாத பாஷை, மணிக்கு இருநூறு கிலோமீட்டர் வேகம். தங்கையின் நன்மைக்காக இதை நிறுத்தியாக வேண்டும். என் சுயநலம் இதில் கடுகளவும் இல்லை. கடுகை அளந்திருக்கிறேன், சராசரி ஒன்று புள்ளி எட்டு மில்லிமீட்டர்.

பந்தய விதி உங்களுக்குத் தெரிந்ததுதான். எல்லா அணிக்கும் எங்கள் தொழிற்சாலை எஞ்சின். கிடங்குத் தட்டில் கைக்கு முதலில் அகப்படும் பாகத்தை எடுத்துக்கொள்ள வேண்டும். அளந்து பொறுக்கக் கூடாது. பொறுக்கினால் வெற்றி ரத்து. மாப்பிள்ளை அந்த வேலையை என்னிடம் விட்டார்.

"நீங்களே எடுத்துட்டு வந்துடுங்க மச்சான். உங்க கை ராசியான கை."

எந்தப் பாகமும் வரைபடத்தில் போட்ட அளவுக்கே பிறப்பதில்லை. மயிரிழை கூடலாம், மயிரிழை குறையலாம் என்று அதற்கு ஒரு சலுகை உண்டு, அதுதான் டாலரன்ஸ். ஒன்று கூடினால் இன்னொன்று குறையும். மொத்தத்தில் கணக்கு நேராகிவிடும். குடும்பமும் அப்படித்தான் ஓடுகிறது. ஒருவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டால் மற்றவர்கள் சமாளிப்பார்கள். எல்லோருமே ஒரே நாளில் தூக்கி வைத்துக்கொண்டால் வீடு தாங்காது.

நான் அதைத்தான் செய்தேன். நான்கு நாள் மதிய இடைவேளையில் கிடங்கில் உட்கார்ந்து அளந்தேன். இருப்பதிலேயே தடித்த கேஸ்கெட் தகடு. இருப்பதிலேயே உயரமான சிலிண்டர். குட்டையான கனெக்டிங் ராடு, குட்டையான பிஸ்டன். சிலிண்டருக்கு மூடியாக உட்காரும் ஹெட்டுகளைக் கவிழ்த்து வைத்து, குழிக்குள் சொட்டுச் சொட்டாக எண்ணெய் விட்டுப் பார்த்து, அதிக எண்ணெய் குடித்த ஹெட்டை எடுத்துக்கொண்டேன். தனித்தனியாகப் பார்த்தால் ஐந்தும் உத்தமர்கள். சேர்ந்தால் பிஸ்டனுக்கு மேலே இடம் அதிகம், பெட்ரோலையும் காற்றையும் நசுக்கும் வேலை குறைவு, இழுவையும் குறைவு. வரைபடப்படி கம்ப்ரெஷன் ரேஷியோ, அதாவது நசுக்கும் விகிதம், பத்து. என் கூட்டணிக்கு ஒன்பது புள்ளி நான்கு. நீங்கள் பத்துக்கு மேலே போயிருக்கிறதா என்று மட்டும்தானே பார்ப்பீர்கள்.

ஒத்திகை ஓட்டத்தில் மாப்பிள்ளை ஹெல்மெட்டைக் கழற்றினார். "வண்டி என்னமோ சோம்பலா இருக்கு மச்சான்."

"வெயில், மாப்பிள்ளை. எனக்கே சோம்பலாத்தான் இருக்கு."

பந்தயத்தில் ஆறாவது சுற்றுவரை கடைசியிலிருந்து மூன்றாவது. எனக்குத் திருப்தியாக இருந்தது. அப்புறம்தான் முன்னால் போன வண்டிகளிலிருந்து, தகர டப்பாவில் கூழாங்கல் போட்டுக் குலுக்குகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. நீங்கள் எல்லா அணிக்கும் ஊற்றிய பெட்ரோல் மட்ட ரகம். நாற்பது டிகிரி வெயில். பத்து நசுக்கு நசுக்கிய எஞ்சின்களில் பெட்ரோல் நேரம் தவறி வெடித்தது. ஒவ்வொன்றாகப் புகை கக்கி ஓரம் கட்டின. மாப்பிள்ளையின் வண்டி மட்டும் அதிகம் நசுக்காமல், அலட்டிக்கொள்ளாமல், காய்கறி வாங்கப் போகிற மாதிரி போய்க் கோட்டைத் தாண்டியது.

அவர் என்னைத் தூக்கிச் சுற்றினார். "சொன்னேன்ல, ராசியான கை." தங்கை அழுதாள். நானும் அழுதேன். ஆனந்தக் கண்ணீர் என்று நினைத்துக்கொண்டாள், நான் மறுக்கவில்லை.

மாப்பிள்ளைக்கு இதெல்லாம் தெரியுமா என்று கேட்கிறீர்கள். தெரியாது. பாவம், நல்ல மனுஷர். இந்த வெற்றிக்காகப் பதினொரு வருடம் காத்திருந்தவர். அதனால்தான் இது எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. ஆனால் விதி என்றால் விதி. அளந்து பொறுக்கியது நான். குறித்து வைத்த தாள்கள் இதோ, தேதியோடு. வெற்றியை ரத்து செய்வதைத் தவிர உங்களுக்கு வேறு வழியில்லை. மனசாட்சி உறுத்துகிறது, அதனால் வந்தேன். வேறு நோக்கம் எதுவும் கிடையாது.

கையெழுத்து இங்கேதானே? ஒரே ஒரு வேண்டுகோள். அவர்கள் விமானம் வெள்ளிக்கிழமை காலை. உங்கள் முடிவு வியாழக்கிழமைக்குள் வந்துவிட்டால் என் மனசாட்சிக்குக் கொஞ்சம் சௌகரியமாக இருக்கும்.