இணைக்காத மைக்

என் அண்ணன் ஜெயபாலன் நன்றாகப் பாடுவான். அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள், ஐயா. அவன் பாட்டை யாரும் குறைத்துப் பேசுவது எனக்குப் பிடிக்காது.

நான் நல்லம்மாள். வயது இருபத்தாறு. ஈப்போவுக்கு வெளியே, புக்கிட் செராய் தோட்டத்துப் பால் ஸ்டோரில் வேலை. மரம் சீவிப் பால் எடுப்பவர்கள் கொண்டுவரும் ரப்பர் பாலில் ஆசிட் கலந்து உறையவைப்பது என் பொறுப்பு. பத்து வருடத்தில் ஒரு நாளும் அளவு தப்பியதில்லை.

அண்ணனுடைய இசைக்குழுவில் நான்தான் பெண் குரல். டிரம்ஸ் அடிப்பவன் சன்னாசி. இன்னும் மூன்று பேர் உண்டு. எந்தக் கேசட் கம்பெனியும் எங்களைத் திரும்பிப் பார்க்கவில்லை. அதனால் இந்த எழுபத்தொன்பதாம் வருடம், தீபாவளிக்கு முந்தைய ஞாயிறு, தோட்டத்து மண்டபத்தில் ஜனங்கள் முன்னால் பாடி நாங்களே பதிவு செய்தோம். எட்டுப் பாட்டு. அதில் ஐந்து நான் கட்டியவை. கடைசிப் பாட்டை நான் தனியாகப் பாடினேன். முடித்ததும் ஆண்கள் பெஞ்சைத் தட்டினார்கள். பின்வரிசைப் பெண்கள் எழுந்தே நின்றுவிட்டார்கள். எனக்காக அதுவரை யாரும் எழுந்து நின்றதில்லை.

மூன்று வாரம் கழித்து ஈப்போவில் ஒரு கேசட் கடை வாசலில் அந்தப் பாட்டைக் கேட்டேன். கித்தார் கேட்டது, டிரம்ஸ் கேட்டது. என் குரல் மட்டும் கிணற்றுக்குள்ளிருந்து யாரோ கூப்பிடுவதுபோல இருந்தது. ஒரு சொல்லும் புரியவில்லை.

"இது வெறும் மியூசிக்தான்லா. பாட்டு வேணும்னா முன்னால சுத்தி வைக்கிறேன்" என்றார் கடைக்காரர்.

பாட்டு முடிந்ததும் கைதட்டல் கணீரென்று வந்தது. அதை அண்ணன் வெட்டி எறியவில்லை, ஐயா. தனக்கு வைத்துக்கொண்டான். கேசட் உறையில் பாடல், இசை, குரல் எல்லாவற்றுக்கும் அவன் பெயர்தான் இருந்தது.

வீட்டுக்கு வந்து கேட்டேன். அவன் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தான்.

"ஒன் மைக்க ஸ்பீக்கருக்கு மட்டுந்தான் குடுக்கச் சொன்னேன். ரெக்கார்ட் மெஷினுக்குக் குடுக்கல."

"ஏண்ணே?"

"பொம்பளப் புள்ள குரலு கடைக்குக் கடை கேட்டுச்சுன்னா நாளைக்கு ஒன்ன எவன் கட்டுவான்? ஒனக்காகத்தான்லா செஞ்சேன்."

நான் கட்டிய பாட்டுக்கு அவன் பெயர் எதற்கு என்று கேட்டேன். இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுச் சிரித்தான்.

நான் சத்தம் போடவில்லை. ஆத்திரத்தில் எதையும் செய்கிறவள் இல்லை நான். இரண்டு நாள் யோசித்தேன். அவனைக் கொல்லும் எண்ணம் எனக்கு இல்லவே இல்லை. வாய் அசைந்தும் குரல் வெளியே போகாமல் நிற்பது எப்படி இருக்கும் என்று அவனுக்குத் தெரிந்தால் போதும் என்று நினைத்தேன். அது நியாயம்தானே?

அண்ணன் சம்சு சாராயத்தை ஒரே மடக்கில் குடிப்பான். நாக்கில் வைத்துப் பார்க்கிற பழக்கம் கிடையாது. புதன்கிழமை சாயங்காலம் அவன் சாராயத்தில் ஸ்டோர் ஆசிட்டைக் கலந்து, கிளாசில் ஊற்றி வைத்தேன்.

அவன் கிளாசை எடுக்கும்போது சன்னாசி வந்தான். மைக் விஷயம் அவனுக்கு அன்றுதான் தெரிந்திருக்கிறது. வாசலில் நின்றபடியே அண்ணனைத் திட்டினான்.

"அக்கா பாட்ட மறுபடியும் ரெக்கார்ட் பண்ணணும்ணே. இல்லன்னா இனிமே நான் வாசிக்க மாட்டேன்."

அண்ணன், "சரிடா. தைப்பூசத்துக்கு முன்னால பண்ணிடலாம். அவ பேரையே போட்டுடலாம்" என்றான். சமாதானத்துக்காகத் தன் கிளாசில் பாதியை இன்னொரு கிளாசில் ஊற்றி அவனிடம் நீட்டினான்.

சன்னாசி என்னைப் பார்த்துச் சிரித்தான். "இப்ப சந்தோஷமாக்கா?"

அண்ணன் பிழைத்துக்கொள்வான், ஆனால் பேச மாட்டான் என்று டாக்டர் சொன்னதாகச் சொன்னீர்கள். சன்னாசி விடிகாலையில் இறந்ததையும் சொன்னீர்கள். அவனுக்காக நிஜமாகவே வருத்தப்படுகிறேன். அதை விபத்து என்று எழுதிக்கொள்ளுங்கள்.

தடுக்க நேரம் இருந்ததா என்று கேட்கிறீர்கள். இருந்தது. அவன் கிளாசை வாங்கினான், பெஞ்சில் உட்கார்ந்தான், என்னிடம் கேட்டான், நானும் தலையை ஆட்டினேன். வேணாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் அண்ணனும் கிளாசைக் கீழே வைத்திருப்பானே, ஐயா.