துரைக்குச் சொல்ல நாலு வரி

அப்பாதுரை: மறுபடியும் சொல்லு. தொண்டைக்குள்ள முழுங்காத.

ஆதிகேசவன்: குட் மார்னிங் சார். மை நேம் ஈஸ் ஆதிகேசவன். ஐ புல்... ஐ புல் த ரோப்...

அப்பாதுரை: அப்புறம்?

ஆதிகேசவன்: இருங்க ரைட்டரய்யா... வாயில கூழாங்கல்லு போட்டாப்புல கீது.

அப்பாதுரை: நாளைக்குக் காலைல பத்து மணிக்கு விசாரணை. துரை இதுக்குன்னே மெட்ராஸ்ல இருந்து வராரு. கூழாங்கல்லோட போயா நிப்ப?

ஆதிகேசவன்: சுதந்திரம் வந்து நாலு வருஷம் ஆச்சு. நம்ம மில்லுக்கு மட்டும் இன்னும் துரை. தமிழும் வராது, கன்னடமும் வராது...

அப்பாதுரை: வராதுன்னுதான் கடுதாசி போட்டிருக்காரு. முனிராஜ் செத்தப்ப கயித்தப் புடிச்சிருந்தவன் வாயாலயே கேக்கணுமாம். நடுவுல ஆள் வெச்சா மாத்திச் சொல்லிடுவாங்களாம்.

அல்போன்சா: அதான் நடுவுல ஆளுக்கு பதிலா மில்லு ரைட்டரயே வாத்தியாரா வெச்சிட்டாங்க. காப்பி எடுத்துக்குங்கண்ணே.

அப்பாதுரை: அல்போன்சா, நீ உள்ள போ.

அல்போன்சா: சர்ச்சுல பூசை முடிஞ்சு வந்ததுல இருந்து இதே நாலு வரிதான் ஓடுது. கேட்டுக் கேட்டு எனக்கே மனப்பாடம் ஆயிடுச்சு. என் வராண்டா, நான் நிக்கறேன். உங்களுக்கு என்ன?

ஆதிகேசவன்: நிக்கட்டும் ரைட்டரய்யா. தங்கச்சி முன்னால சொல்லிப் பழகினா துரை முன்னால நடுங்காது.

அப்பாதுரை: ம்.

ஆதிகேசவன்: ஆனா ஒண்ணு தங்கச்சி, உங்க வீட்டுக்காரரு மாதிரி சொல்லிக் குடுக்க ஆள் கெடையாது. நாப்பது வயசுல யூனியன் ஆபீஸ்ல தமிழ் எழுத்து படிக்கப் போனேன். அந்த வாத்தியாரு அணிலு, ஆடுன்னு ஆரம்பிச்சாரு. மூணு மாசம்... மண்டைல ஏறினாத்தானே?

அல்போன்சா: அப்புறம் எப்படி ஏறுச்சு?

ஆதிகேசவன்: ஒரு நாளு மில்லு கேட்டுல நோட்டீசு ஒட்டினாங்க. யார யார வேலைய விட்டு நிறுத்திட்டாங்கன்னு. வாத்தியாரு என்னை இட்டுனு போயி அது முன்னால நிறுத்தி, உம் பேரு அதுல கீதான்னு பாருன்னாரு. அன்னிக்கு ஏறுச்சு பாரு... ஒரே நாள்ல.

அப்பாதுரை: எனக்கெல்லாம் மிஷன் பள்ளிக்கூடத்துல பத்து வருஷம் பிரம்படி.

அல்போன்சா: இப்பவும் இங்கிலீஷ் பேசறப்ப மூஞ்சியப் பாருங்கண்ணே, அடி விழப்போகுதுன்ற மாதிரியே வெச்சிருப்பாரு.

ஆதிகேசவன்: ஹ... தங்கச்சி எங்க கத்துக்கிச்சு?

அல்போன்சா: இதே பிரேசர் டவுன்ல, துரைசானி வீட்டு ஆயாவா. மூணே மாசம். அடுப்புல பால் பொங்குது, தொட்டில்ல குழந்த கத்துது, துரைசானி அதுக்கு மேல கத்தறா. கத்துக்காம என்ன பண்றது?

ஆதிகேசவன்: அவசரம் வந்தாதான் ஏறும் போல.

அல்போன்சா: அவசரம் மட்டும் பத்தாதுண்ணே. சொல்லிக் குடுக்கறவங்க நேர்மையா சொல்லிக் குடுக்கணும். பாலுக்குப் பேரு கேட்டா பாலத்தான் காட்டணும். சுண்ணாம்புத் தண்ணியக் காட்டக் கூடாது.

அப்பாதுரை: அல்போன்சா...

அல்போன்சா: பாடத்தப் பத்திதானே பேசறேன்.

ஆதிகேசவன்: இவரும் அப்டிதான் தங்கச்சி. கயித்த கைல குடுத்து ரோப்புன்னாரு. இழுத்துக் காட்டி புல்லுன்னாரு. கைய தட்டி ஹேண்டு. கெணத்தாண்ட போயி கப்பியக் காட்டினாரு, அதுக்கு புல்லி. புஸ்தகம் இல்ல, சிலேட்டு இல்ல. எட்டே நாளு, ஒண்ணு மறக்கல.

அப்பாதுரை: போதும், போதும். கடைசி வரியச் சொல்லு.

ஆதிகேசவன்: ஐ டுக்... மை ஹேண்ட்... ஆஃப் த ரோப்.

அல்போன்சா: அதுக்கு என்னண்ணே அர்த்தம்?

ஆதிகேசவன்: கப்பி தேஞ்சி போயிருந்துச்சு, கயிறு தானா நழுவிடுச்சு, நூல் பெட்டி கீழ நின்ன முனிராஜ் மேல விழுந்துடுச்சுன்னு.

அல்போன்சா: யாரு சொன்னா?

ஆதிகேசவன்: ரைட்டரய்யாதான்.

அல்போன்சா: அவ்ளோ பெரிய சேதி இத்தனூண்டு வரில அடங்கிடுச்சா! கெட்டிக்கார பாஷைதான்.

அப்பாதுரை: ...காப்பி ஆறுது, குடி.

ஆதிகேசவன்: குடிக்கறேன்.

அப்பாதுரை: ஆதிகேசவா... நாளைக்கு நீ வராம இருந்துட்டா என்ன?

ஆதிகேசவன்: இன்னா ரைட்டரய்யா இது? எட்டு நாளா படிச்சிட்டு?

அப்பாதுரை: காய்ச்சல்னு சொல்லிடலாம். நான் எழுதிக் குடுத்துடறேன்.

ஆதிகேசவன்: செத்தது என் தங்கச்சி எல்லம்மா புருஷன். நான் போவலன்னா யாரு போவா?

அப்பாதுரை: ...தங்கச்சி எப்படி இருக்கு?

ஆதிகேசவன்: இன்னிக்கோட பதினஞ்சு நாளு. தெனம் சாயங்காலம் ஆஸ்டின் டவுன் வீட்டுக்கு வரும், எதிர்ல குந்திக்கும். இன்னாண்ணா ஆச்சுன்னு கேக்கும். கப்பிம்மா, கப்பின்னு சொல்லுவேன். தலைய ஆட்டிட்டுப் போவும். மறுநாளு வந்து மறுபடியும் கேக்கும்.

அல்போன்சா: ஏங்க... நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா? காலைல பீடத்துக்கு முன்னால மண்டி போட்டு அழுதீங்களே, அது எதுக்கு?

அப்பாதுரை: ஆதிகேசவா... அந்த வரிக்கு நான் சொன்னது அர்த்தம் இல்ல. 'கயித்துல இருந்து நான் கைய எடுத்துட்டேன்'... அதான் அர்த்தம். மேனேஜர் எழுதிக் குடுத்த வரி. கப்பிய மாத்தச் சொல்லி மூணு தடவ அவருக்கு எழுதிப் போட்டேன். அது துரைக்குத் தெரிஞ்சா அவரு தொலைஞ்சாரு. அதனால, 'அவன் வாயாலயே ஒத்துக்க வை, இல்லன்னா உனக்கு வேலை இல்ல'ன்னாரு. எனக்கும் ரெண்டு பொண்ணு இருக்கு...

அல்போன்சா: பொண்ணுங்கள ஏன் இதுல இழுக்கறீங்க?

அப்பாதுரை: சரி, இழுக்கல. நான் கோழை, அவ்வளவுதான். நீ கேளுப்பா, அந்த வரியச் சொன்னா உன் வேலை போயிடும், போலீசு கூட வரும். நாளைக்கு நீ தமிழ்லயே பேசு. நான் பக்கத்துல நின்னு உள்ளத உள்ளபடி துரைக்குச் சொல்றேன். நான் எழுதினதுக்கு நகலும் இருக்கு. என் வேலை போனா போவட்டும்... என்னையத் திட்டவாவது திட்டேன்.

ஆதிகேசவன்: நாலாவது நாளே தெரியும் ரைட்டரய்யா.

அல்போன்சா: என்ன தெரியும்?

ஆதிகேசவன்: கப்பிக்கு இவரு சொன்ன பேரு அந்த வரில இல்லவே இல்ல. கைதான் இருந்துச்சு. அவ்ளோ நல்லா சொல்லிக் குடுத்துட்டு அப்புறம் மறைக்க முடியுமா?

அப்பாதுரை: தெரிஞ்சா... தெரிஞ்சுமா தெனம் வந்து உக்காந்த? எதுக்குப்பா?

ஆதிகேசவன்: கப்பி தேஞ்சதுதான், இல்லங்கல. ஆனா அன்னிக்கு அது நழுவல, தாங்கி நின்னுச்சு. முண்டாசு அவுந்து கண்ண மறைச்சுது... ஒரு கைய எடுத்தேன். அவ்ளோதான். தமிழ்ல சொல்லப் போனா முனிராஜ் பேருக்கு மேல வாய் வரமாட்டேங்குது. இங்கிலீசுல வருது, வேற யாரோ பேசறாப்புல. அதனால தமிழ் வேணாம் ரைட்டரய்யா. நாளைக்கு எல்லம்மாவும் வருது. அது முன்னாலயே நின்னு சொல்லிடுவேன்... அதுக்குப் புரியாது.