அணைஞ்ச அடுப்புக்குக் காவல்

– டாக்டரம்மா, சாவியைக் குடுங்க! மெட்டுக்குப் போற ஜீப்பு ஆரன் அடிச்சுக்கிட்டே நிக்குது. அதை விட்டா இன்னைக்கு மலையேற முடியாது!

– ஜீப்பு மேல போகுது, பொன்னுமணி. நீ போக வேண்டியது கீழ, மதுரைக்கு. புத்துநோய்க் கட்டியை எடுத்த இடத்துல கரண்டு வைக்கிற வைத்தியத்தைப் பாதியில விட்டுட்டு ஓடி வந்திருக்க. நீயும் உன் வீட்டுக்காரரும் எதிரெதிரா உக்காந்து பேசுற வரைக்கும் இந்தக் கதவு திறக்காது. சரியா? சோலைமலை, நீங்களும் உக்காருங்க. எதுக்குச் சுவரோட ஒட்டிக்கிட்டு நிக்கிறீங்க?

– அதில்லங்கம்மா. நிக்கிறதே சவுரியம்.

– கேளுங்க டாக்டரம்மா! புருசன் பொண்டாட்டிக்கு நடுவுல ஒரு பஸ்சு போகலாம். ஆப்பரேசன் பண்ணி மாரை எடுத்ததுல இருந்து இப்படித்தான். வருவாரு, நின்னுக்கிட்டே திம்பாரு, போயிருவாரு. படுக்கை, ஏலக்காயைச் சூடு போட்டு உலர்த்துற ஸ்டோர்ல.

– அங்கன சோலி கிடக்கு, பொன்னு.

– என்ன சோலி? கடைசிப் பறிப்பு தையோட முடிஞ்சிருச்சு. காயெல்லாம் காஞ்சு, இங்க போடிக்கு லோடும் வந்து இறங்கியாச்சு. பங்குனியில, அணைஞ்ச அடுப்புக்கு என்ன காவல்?

– ஏய், மெதுவாப் பேசு. வெளிய ஆளுக இருக்கு.

– இருக்கட்டும். உங்க ஆத்தா கண்ணுச்சாமி வீட்டுல போயி உங்களுக்கு ரெண்டாந்தாரமாப் பொண்ணு கேட்டுச்சே, அது எனக்குத் தெரியாதுன்னு நெனைச்சீங்களா மாமா?

– அது போச்சு, வந்துச்சு. நான் அந்தப் பக்கம் எட்டிப் பாத்தனா?

– நிறுத்துங்க ரெண்டு பேரும். சோலைமலை, மதுரையில உங்களுக்கு ஒரு வேலை சொன்னாங்க. அந்தப் பக்கத்துக் கை வீங்காம இருக்க, தினமும் நீவி, மேல தூக்கி விடணும்னு. ஒரு நாளாச்சும் செஞ்சீங்களா?

– செய்யலைங்க.

– அருவருப்பா இருக்கா?

– ஐயோ, அதில்லங்கம்மா!

– பின்ன என்ன மாமா? கேளுங்க டாக்டரம்மா, மலையில பாதிப் பேரு இவரு கையைத்தான் நம்பியிருக்காக. இருட்டுல ஒத்தைக் காயைத் தொட்டு, ‘இன்னும் ஈரம் இருக்கு, அடுப்புல கட்டையைத் தள்ளு’ன்னு சொல்ற கை. அந்தக் கைக்கு நான் மட்டும் ஆகலையா?

– அந்தக் கையைப் பத்திப் பேசாத, புள்ள.

– பேசுவேன்.

– பேசாதங்கிறேன்ல!

– மேசையை எதுக்குக் குத்துறீங்க சோலைமலை? ரத்தம் வருது பாருங்க. சொல்லுங்க, அந்தக் கையில அப்படி என்ன இருக்கு?

– இந்தக் கைக்கு மொதல்லயே தெரியுங்கம்மா. ஆடியில, பறிப்புக்கு மேல ஏறுறதுக்கு முந்தின ராத்திரி. அவ அசந்து தூங்குறா. அவ மாருல கட்டி ஒண்ணு கையில பட்டுச்சு. பச்சைக் காய் கணக்கா, கெட்டியா. சொன்னா அப்பவே மதுரைக்கு ஓடணும். ஸ்டோரைப் பாக்க வேற ஆளில்ல. பறிச்ச காயி பூராவும் வெளுத்து வீணாப் போயிரும். பறிப்பு முடியட்டும்னு விட்டேன். தையில நீங்க பாக்கையில அது எலுமிச்சங்கா ஆயிருச்சு. இந்தக் கையை வச்சு எப்படிங்க அவளை நீவி விடுறது?

– பொன்னுமணி… தண்ணி குடி. அழாத.

– நான் அழலை. டாக்டரம்மா, கதவைத் திறங்க. ஜீப்புக்காரனைப் போகச் சொல்லுங்க. மதுரை ரயிலு எத்தனை மணிக்கு?

– பொன்னு, நீ போறியா? என் மேல ஆத்திரம் இல்லையா உனக்கு?

– இருந்துச்சு மாமா. இந்த மனுசன் கடைசி வரைக்கும் சொல்லமாட்டாருன்னு நெனைச்சுத்தான் கரண்டும் வேணாம், ஒண்ணும் வேணாம்னு ஓடியாந்தேன். இப்பச் சொல்லிட்டீங்க, அது போதும். அன்னைக்கு நான் தூங்கலை. உங்க கை அங்கன வந்து நின்னதும் தெரியும், வெடுக்குனு எடுத்துக்கிட்டதும் தெரியும். ஆனா அந்தக் கட்டி எனக்குச் சித்திரையிலயே தெரியும். பறிப்பு முடியட்டும்னு நானும்தான் வாயை மூடிக்கிட்டுக் கிடந்தேன்.