மணிக்கட்டில் ஒரு நிமிடம்

மேடையில் அமர்ந்திருக்கும் கல்வி அலுவலகத் துணைத்தலைவர் அவர்களே, மருத்துவமனை இயக்குநர் அவர்களே, கணவாய்ப் பனியில் குதிரையேறி வந்திருக்கும் ஆக்பெல் மக்களே, உங்கள் எல்லோருக்கும் சலாம்.

நம் அறுவை மருத்துவர் கனிஷாயிம் துருஸ்பெகோவா மறைந்து இன்று நாற்பதாம் நாள். வழக்கப்படி அவருக்காகக் குதிரை அறுத்து விருந்து வைத்திருக்கிறோம். மண்டபமெங்கும் போர்சோக் ரொட்டி பொரித்த எண்ணெய் மணம். நேற்று ‘மக்கள் மருத்துவர்’ பட்டமும் வந்துவிட்டது. எவ்வளவு வேகம்! உயிரோடு இருந்தபோது அவர் கேட்டது வாரத்துக்கு ஒரே ஒரு வகுப்பு. மூன்று முறை எழுதிக் கேட்டார். பதில் வந்ததா?

எதற்கு அந்த வகுப்பு? நம் பிள்ளைகள் குதிரையிலிருந்து விழுகிறார்கள். முழங்கை முறிந்தால் எலும்பின் முனை கையின் பெரிய ரத்தக்குழாயைக் கிழிக்கும். நாம் எலும்பு கட்டுபவரிடம் ஓடுகிறோம். அவர் கம்பளி சுற்றி இறுக்கிக் கட்டுவார். மூன்று நாள் அவிழ்க்கக் கூடாது என்பது வழக்கம். மூன்று நாள்! ரத்தம் ஓடாத கை ஆறு மணி நேரம் தாங்குவதே அரிது.

பன்னிரண்டு ஆண்டுகளில் அறுபத்தொரு குழந்தைகள். காலிலிருந்து ரத்தக்குழாய் எடுத்துக் கையில் வைத்துத் தைத்தார் நம் எல்லோருக்கும் அக்காவான கனிஷாயிம் எஜே. எந்தக் கை பிழைத்தது, எது போனது, ஏன் போனது என்று எழுதி வைத்தார். ஒரு நாள் என்னிடம் சொன்னார்:

“பெர்மெத், என் தையல்ல குறை இல்லடி. கை போறது என் மேசையில இல்ல, வர்ற வழியில. கத்திய நான் பாத்துக்கறேன். வீட்ல நாடி பாக்கறதுக்கு உன் பிள்ளைங்கள எனக்குக் குடு.”

நான் அறிவியல் ஆசிரியை. அனுமதிக்குக் காத்திராமல் கொடுத்தேன். மணிக்கட்டில் நாடி பிடி. நகத்தை அழுத்தி விடு, நிறம் திரும்புகிறதா பார். இரண்டு கையையும் ஒப்பிடு. “நான் சொன்னேன்னு நம்பாதீங்க. தொட்டுப் பாருங்க” என்பார். ஆறாம் வகுப்பே சிரித்துக்கொண்டு கையைப் பிடித்தது.

புகார் வந்தது: ‘பெரியவர்களை எதிர்த்துப் பேசப் பிள்ளைகளைப் பழக்குகிறார்கள்.’ வகுப்பை நிறுத்தச் சம்மதம் என்று அலுவலகத்திலிருந்து ஒரு தாள் வந்தது. அதில் கையெழுத்திட்டது யார்? மேடையைப் பார்க்காதீர்கள். நான்தான். என் வேலைக்குப் பயந்தேன்.

இரண்டே மாதம். ஒன்பது வயது உல்ஜான் விழுந்தாள். கட்டுப் போட்ட அன்று மாலையே அவள் அக்கா பெகாயிம் கத்தினாள்: “அம்மா, இந்தக் கையில துடிப்பே இல்ல! விரல் ஜில்லுன்னு இருக்கு!”

“வாய மூடு. அந்த வகுப்பத்தான் நிறுத்திட்டாங்கல்ல.”

மூன்றாம் நாள் கட்டை அவிழ்த்தார்கள். இடது கையை முழங்கைக்குக் கீழே வெட்டி எடுக்க வேண்டியிருந்தது. அறுவை அறையிலிருந்து வெளியே வந்த எஜே, என்னைப் பார்த்து ஒரே ஒரு வரி சொன்னார்:

“கையெழுத்துப் போட உனக்குக் கை இருந்துச்சு, பெர்மெத்.”

திட்டியிருக்கலாம். திட்டவில்லை.

உல்ஜானுக்குக் கட்டுப் போட்ட பெரியவர் தேமிர்காசி ஆகா அதோ பின்வரிசையில் இருக்கிறார். ஊரே அவரை ஏசியது. அவர் மட்டும்தான் மருத்துவமனைக்கு வந்தார். “டாக்டர் மகளே, நாப்பது வருசமா எலும்பத்தான் தொட்டேன். துடிப்பு எங்க இருக்கும், காட்டு” என்றார். எஜே கேலியாகச் சிரித்தார்: “இப்பத்தான் வழி தெரிஞ்சுதா ஆகா? உக்காருங்க.” அன்றிலிருந்து நாடி பார்க்காமல் அவர் கட்டுவதில்லை. துடிப்பில்லை என்று இதுவரை நான்கு குழந்தைகளைக் குதிரையில் மருத்துவமனைக்கு அனுப்பிவைத்திருக்கிறார். நால்வருக்கும் கை இருக்கிறது.

எழுபத்தாறு வயதுக் கிழவர் கற்றுக்கொண்டார். அலுவலகம் கற்றுக்கொண்டதா? நான் கற்றுக்கொண்டேனா?

மாரடைப்பில் எஜே சாய்ந்த மேசையில் நான்காவது விண்ணப்பம் பாதி எழுதிக் கிடந்தது. அதை நான் எழுதி முடிக்கப் போவதில்லை. திங்கட்கிழமை மூன்றாம் பாடவேளையில் அந்த வகுப்பு நடக்கும். கற்றுத்தர ஆகா வருகிறார். துணைத்தலைவர் அவர்களே, நிறுத்த வேண்டுமானால் தாளோடு நேரில் வாருங்கள். இம்முறை கையெழுத்து கிடைக்காது.

இப்போது ஒரு நிமிட மௌனம். தலைகுனிய வேண்டாம். பக்கத்தில் இருப்பவரின் மணிக்கட்டைப் பிடியுங்கள். கட்டைவிரலின் அடியில், இரண்டு விரல் வைத்து. மேடையில் உள்ளவர்களும்தான்.

உல்ஜான், நீ இங்கே வாம்மா. உன் வலது கையை என்னிடம் கொடு.

எண்ணத் தொடங்குங்கள்.