எங்க வகுப்புல சத்தமே இல்ல

அந்த நாற்காலியிலயா உக்காரப் போறீங்க, பாத்து தம்பி, பாத்து. அது அஞ்சு வயசுக்காரங்களுக்குச் செஞ்சது, முட்டி தாடைக்கு வந்துரும். ஆமா, வந்துருச்சு. பரவால்ல, எந்திரிக்காதீங்க. நானும் வருஷக்கணக்கா இப்படி முட்டியக் கட்டிக்கிட்டுத்தான் பொழப்ப ஓட்டிட்டிருக்கேன். பசங்க தோட்டத்துல செடிக்குத் தண்ணி ஊத்தறாங்க. செடிக்குப் பாதி, அவங்கவங்க காலுக்குப் பாதி. உங்க பொண்ணும் அங்கதான். வர்றதுக்குக் கொஞ்ச நேரம் ஆகும்.

எதுக்கு வந்திருக்கீங்கன்னு தெரியும். பெரிய மேடம் காலையிலயே சொல்லிட்டாங்க. பொண்ண இங்கேருந்து எடுத்து, அந்தப் பேச்சுப் பயிற்சி குடுக்கற ஸ்கூல்ல போடப் போறீங்க. நல்ல எடம்தான், நான் ஒண்ணும் குறை சொல்லல. அம்மாக்காரி வேலைக்குன்னு வெளியூர் போனதுலேருந்து புள்ள வாயத் திறக்கல. இங்கயும் இல்ல, வீட்லயும் இல்ல, அம்மா போன்ல கூப்பிட்டாலும் வெறும் தலையாட்டல். எந்த அப்பனுக்கும் பயமாத்தான் இருக்கும். ஆனா பெரிய மேடம் ரூமுக்குப் போறதுக்கு முன்னாடி என்னைக் கொஞ்சம் பேச விடுங்க. அப்புறம் உங்க இஷ்டம். தலையாட்டறீங்க. சரி, சம்மதம்னு எடுத்துக்கறேன்.

சிரிக்கறேனா? இல்லியே. என் மூஞ்சியே இப்படித்தான் தம்பி.

எங்க கிளாஸ்ல காலைல ஒரு வழக்கம் இருக்கு. எல்லாரும் வட்டமா உக்காந்து ஆளுக்கொரு சேதி சொல்லணும். வீட்ல நடந்தது, வழியில பாத்தது, எது வேணா. தம்பிப் பாப்பா மூக்குல பட்டாணி போட்டுக்கிட்டான். எங்கப்பா தூக்கத்துல அடுத்த வீட்டு ஆன்ட்டியத் திட்டினாரு. பெத்தவங்க நீங்கல்லாம் வாசல்ல நின்னு என்னைப் பாத்து வணக்கம் சொல்றப்போ, உங்க ஒவ்வொருத்தர் வீட்டுக் கதையும் என் வயித்துக்குள்ள கெடந்து குதிக்கும். அத அடக்கிட்டு நான் பதிலுக்கு வணக்கம் சொல்றதே பெரிய சாதனை.

உங்க பொண்ணு முறை வந்தா நான் மெதுவா அடுத்த புள்ளைக்குத் தாண்டிருவேன். சங்கடப்படுத்த வேணாமேன்னு. ஒரு நாள் தாண்டப் போறேன், இவ ஒத்த விரல நீட்டி மேல கீழ, மேல கீழன்னு ஆட்டறா. எனக்கு ஒண்ணும் புரியல. பக்கத்துல ஒரு பொண்ணு உக்காருவா, நாங்க பெரிய மனுஷின்னு கூப்பிடுவோம், எல்லார் விஷயத்துலயும் தலைய விடுவா. அவ சொல்றா, இதுகூடத் தெரியலயா மிஸ், லிஃப்ட்டு. அவங்கப்பா லிஃப்ட் ரிப்பேர் பண்றவருன்னு. உங்க பொண்ணு ஆமான்னு தலையாட்டினா பாருங்க, கழுத்து சுளுக்கிக்கற மாதிரி.

அன்னிக்குப் பிடிச்ச பைத்தியம்தான். அடுத்த நாள் ஒருத்தனும் வாயத் திறக்கல. எல்லாருக்கும் கையிலதான் சேதி சொல்லணுமாம். காது ஒண்ணத் திருகினா பாத்ரூம் போணும். ரெண்டு காதையும் திருகினா, மிஸ் நீங்க வழிய விட்டு நகந்துக்கங்கன்னு அர்த்தம். கன்னத்துல தட்டினா பசி. எனக்கும் ஒண்ணு வச்சிருக்காங்க. மூக்கு நுனியில விரல வச்சு மேல தள்ளிட்டு ஒரு பெருமூச்சு. கண்ணாடியத் தள்ளி விடறது சரிதான், ஒத்துக்கறேன். நான் இவ்வளவு பெருமூச்சு விடறேன்னு இதுங்க சொல்லித்தான் தெரியும்.

இதுல கூத்து என்னன்னா, எந்தச் சைகை செல்லும், எது செல்லாதுன்னு தீர்ப்பு சொல்றது உங்க பொண்ணு. யாராவது புதுசா ஒண்ணு கொண்டாந்தா இவ முன்னாடி வந்து செஞ்சு காட்டணும். இவ கண்ணச் சுருக்கிப் பாப்பா. தலையாட்டினா பாஸ். உதட்டப் பிதுக்கினா, போய் வேற யோசிச்சுட்டு வா. முன்பல்லு ரெண்டும் போன பய ஒருத்தன் இருக்கான், வாயாடி, சும்மா இருக்கவே தெரியாது. அவனே இவகிட்ட கையக் கட்டிட்டு நிப்பான். நாட்டாமை தோத்துரணும் தம்பி.

அப்புறம் பெரிய மேடம் கதை. ஒரு நாள் அந்த வராண்டால நடந்து வர்றாங்க. ரெண்டு பக்கத்துக் கிளாஸும் மீன் மார்க்கெட். நடுவுல எங்க கிளாஸ், மூச்சு விடற சத்தம்கூட இல்ல. எட்டிப் பாக்கறாங்க. எல்லாப் புள்ளைங்களும் உக்காந்த எடத்துல உக்காந்து ஒருத்தர ஒருத்தர் பாத்துட்டிருக்கு. மேடம் அப்படியே நெகிழ்ந்து போய் நின்னுட்டாங்க. மறுநாள் மத்த டீச்சருங்களையெல்லாம் கூட்டிட்டு வந்து சுவரோரமா நிக்க வச்சு, பாருங்க, ஒழுக்கம்னா இது, கத்துக்கங்கன்னு காட்டறாங்க. அந்த நேரத்துல பல்லு போனவன் கையில என்ன சொல்லிட்டிருக்கான் தெரியுமா? மேடத்தோட கைப்பைக்குள்ள பிஸ்கட் இருக்கு, எனக்கு வாசனை வருதுன்னு. கிளாஸ் மொத்தமும் சத்தம் வராம சிரிக்குது, தோளெல்லாம் குலுங்குது. மேடம் என் காதுகிட்ட வந்து, மூச்சுப் பயிற்சியான்னு கேட்டாங்க. ஆமா மேடம்னுட்டேன். வேற என்னத்தச் சொல்ல.

சிரிச்சுட்டீங்க. இல்ல இல்ல, நல்லாச் சிரிங்க. இவ்வளவு நேரமா நான்தான் ஒத்தையில கத்திட்டிருக்கேன், நீங்க ஆமான்னோ இல்லன்னோ ஒரு வார்த்தை சொல்லல. பொண்ணு யாரக் கொண்டிருக்கான்னு இப்பத்தானே புரியுது.

நியாயம்தான், நீங்க இப்போ மனசுல கேக்கறது எனக்கும் ஓடுச்சு. இப்படி எல்லாரும் கையிலயே பேசினா அவ எதுக்கு வாயத் திறப்பா, உதவி பண்றேன்னு நாங்களே கெடுத்துட்டமோன்னு. வீட்டுக்குப் போயும் அதே யோசனை. ஆனா காலைல வந்து பாத்தா அவ முகம் அப்படி இருக்கும். நடு வட்டத்துல உக்காந்துட்டு, யார் முறைன்னு விரல் நீட்டி, ஒருத்தனத் திருத்தி, இன்னொருத்தியத் தட்டிக் குடுத்து. ஊமையா ஒரு மூலையில உக்காந்திருந்த புள்ளையா இதுன்னு இருக்கும். நீங்க ரிப்பேருக்குப் போன எடத்துல ஒரு ஆளு லிஃப்ட்ல பிறந்தநாள் கேக்கோட மாட்டிக்கிட்டு, நீங்க போய்க் கதவத் திறக்கறதுக்குள்ள பாதியத் தின்னுட்டு, மீசையெல்லாம் கிரீமா நின்னாரே, பொண்டாட்டி போன்ல திட்டினாங்களே, அதச் சொன்ன அன்னிக்கு கிளாஸே தரையில உருண்டுச்சு.

என்ன, அப்படிப் பாக்கறீங்க.

கேக்கா. அது வந்து, கையிலதான் சொன்னா. இப்படி, வட்டமா ஒண்ணு, அப்புறம் மீசை.

ஆமா. அந்தாளு பொண்டாட்டி போன்ல, கேக்க வச்சிட்டு வெளிய வாய்யான்னு திட்டினத கையில எப்படிச் சொல்லுவா. கேள்வி சரிதான். நான் எப்பவுமே இப்படித்தான் தம்பி, என் வாயில ஒண்ணும் தங்காது. இந்த வகுப்புலயே ரகசியம் காக்கத் தெரியாத ஒரே ஆளு நான்தான்.

பேசறா.

ஒரு வாரத்துக்கு மேல ஆச்சு. உக்காருங்க, எங்க ஓடறீங்க, உக்காருங்கன்னா. முழுசாக் கேளுங்க. பல்லு போனவன் லிஃப்ட் சைகையப் பக்கவாட்டுல ஆட்டிட்டான், இப்படி, கண்ணாடி துடைக்கற மாதிரி. இவ உதட்டப் பிதுக்கினா. அவன் மறுபடி அப்படியே ஆட்டினான். இவளுக்கு வந்துச்சே கோவம். டேய், லிஃப்ட்டு பக்கத்துல போவாதுடான்னு ஒரு கத்து. கிளாஸ் அப்படியே கல்லாயிருச்சு. எனக்குக் கண்ணெல்லாம் நிறைஞ்சு, கையில இருந்த சாக்பீஸ் எங்க போச்சுன்னே தெரியல. அந்தப் பய மட்டும் அசரல. ஏய், உன் குரல் எங்க மாமா குரல் மாதிரி கரகரன்னு இருக்குன்னான். உனக்குப் பல்லே இல்ல, நீ பேசாதன்னா இவ. அவ்வளவுதான். அன்னியிலேருந்து நிறுத்தவே முடியல. நேத்து நானே ரெண்டு காதையும் திருகிக் காட்டிட்டு வெளிய போய்க் கொஞ்ச நேரம் நின்னுட்டு வந்தேன்.

ஏன் சொல்லலன்னா, சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டா. என்கிட்ட மட்டுமில்ல, எல்லார்கிட்டயும். சாயங்காலம் கேட்ல உங்களப் பாத்ததும் எங்க பசங்க வாயப் பொத்திக்கிட்டு ஓடுதுங்களே, கவனிச்சிருப்பீங்க. நீங்க என்னமோ உங்களப் பாத்து பயப்படறாங்கன்னு நெனச்சிருப்பீங்க. அஞ்சு வயசுல ஒரு ரகசியத்த வச்சுக்கறது எவ்வளவு கஷ்டம் தெரியுமா? பாவம், வெடிச்சிரும்போல இருக்கும் அதுகளுக்கு. இன்னிக்கு நீங்க வந்து கூட்டிட்டுப் போயிட்டா என்ன பண்றதுன்னுதான் நான் உடைச்சிட்டேன். பல்லு போனவனுக்குத் தெரிஞ்சா என்னை வட்டத்துலேருந்தே தள்ளி வச்சிருவான்.

நானும் அவளக் கேட்டேன். அப்பா பாவம்டி, அம்மா பாவம்டி, சொல்லிரலாமேன்னு. அம்மாகிட்ட சொன்னா அப்பாவுக்குத் தெரிஞ்சிருமேன்னா. தெரிஞ்சா என்னடின்னேன். கலர் பென்சில சீவிக்கிட்டே, என்னைப் பாக்கக்கூட இல்ல, சொல்றா. முன்னாடியெல்லாம் அப்பா பேசவே மாட்டாரு மிஸ். வீட்ல அம்மா மட்டும்தான் பேசுவாங்க. நான் பேசாம இருக்கறதாலதான் வண்டியில போறப்போ கதை சொல்றாரு, தோசை ஊத்தறப்போ சொல்றாரு, தூங்கறப்போகூட சொல்றாரு. நான் பேசிட்டா நிறுத்திருவாரு.