செல்லச்சாமி வீட்டு வைஃபை

புதிதாக வைஃபை போடும் யாருக்கும் நான் முதலில் சொல்வது, பெட்டியோடு வரும் பாஸ்வேர்டை அன்றைக்கே மாற்றிவிடுங்கள் என்பதுதான், சார். ஃபயர்வால் என்றால் என்ன என்று கேட்பார்கள். கண்மாய் மடை மாதிரி, வேண்டியதை விட்டு வேண்டாததை நிறுத்தும் என்பேன். ராமநாதபுரத்தில் நான் போட்டுக் கொடுத்த இணைப்புகளில் இதுவரை ஒரு புகார் வந்ததில்லை.

2008 ஆவணியில் செல்லச்சாமி வீட்டுக்குப் போனேன். எங்கள் ஊரின் பெரிய நிலக்காரர்; டவுனில் புதுவீடு கட்டியிருந்தார். எங்கள் ஊரில் மடைச்சாவி, சொந்த நிலமில்லாத ஒருவரிடம்தான் இருக்கும். அப்போதுதான் பாரபட்சம் வராது. அது என் அய்யா வேல்சாமியிடம் இருந்தது. அதற்குப் பதினாறு வருடம் முன்பு ஒரு வறட்சியில், அய்யா களவாக மடையைத் திறந்துவிட்டதாக ஊர்க்கூட்டத்தில் செல்லச்சாமி சொன்னார். அய்யாவை எல்லார் காலிலும் விழவைத்தார்கள். அதன்பிறகு அவர் வாசல்படி தாண்டவில்லை. மூன்றாம் மாதம் செத்துப்போனார்.

வேலை முடிந்ததும் புதுப் பாஸ்வேர்டை எழுதி நீட்டினேன். செல்லச்சாமி வாங்கவில்லை.

"நீயே வச்சுக்கப்பா. உங்கய்யா கையில சாவி இருந்தப்ப ஒரு சொட்டு களவு போகல. அன்னைக்குக் கள்ளச்சாவி போட்டு மடையத் தொறந்தது நாந்தேன். பழைய கதை, விடு."

சிரித்துக்கொண்டே சொன்னார். காப்பி கொடுத்தார், குடித்தேன். பாஸ்வேர்டு எழுதிய சீட்டைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு கிளம்பினேன்.

மறுவாரம் பட்டப்பகலில், அவர் வீட்டுக்கு எதிர்த்த டீக்கடையில் லேப்டாப்பைத் திறந்து அந்த வைஃபைக்குள் போனேன். ராமேஸ்வரம் ரயிலில் குண்டு இருப்பதாக ஒரு மெயில் அனுப்பினேன். மெயில் போன இணைப்பைத் தேடிப் போலீஸ் அந்த வீட்டுக்கு வந்தது. அங்கே கம்ப்யூட்டர் தெரிந்தவன் அவர் மகன் முத்தழகு மட்டும்தான். பத்தொன்பது வயது. என்னை அண்ணே என்று கூப்பிடுவான். அவன்மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை.

அதிகாரிகள் என்னையும் விசாரித்தார்கள். எல்லாம் முறைப்படி பூட்டியிருக்கிறது, வெளியாள் நுழைய வழியில்லை என்று எழுதிக் கொடுத்தேன். நான்காம் நாள், தானே அனுப்பியதாக முத்தழகு ஒப்புக்கொண்டான்.

செல்லச்சாமி என் கடைக்கு வந்து தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"வெளியாளு நுழைஞ்சிருக்கலாம்னு ஒரே ஒரு வார்த்தை சொல்லுய்யா. ஊரைக் கூட்டி, வேல்சாமி களவாங்கலன்னு நானே சொல்றேன். உங்கய்யா யாரு யாரு கால்ல விழுந்தாரோ, அம்புட்டுப் பேரு முன்னாடியும் சொல்றேன்."

ஊர் அதைக் கேட்க வேண்டும் என்றுதான் பதினாறு வருடம் காத்திருந்தேன். ஆனாலும், எழுதிக் கொடுத்ததை மாற்ற முடியாது என்று சொல்லி அவரை அனுப்பிவிட்டேன்.

வழக்கு முடியுமுன்பே, போன செவ்வாய்க்கிழமை முத்தழகு சிறையில் செத்துப்போனான். நீங்கள் கேட்டதால் சொல்கிறேன், சார். எனக்கென்று நான் எதுவும் செய்யவில்லை. எல்லாம் அய்யா பேரைக் காப்பாற்றத்தான்.