மூன்று வீட்டில் பயணம் சொன்னேன்

ஸ்கேட்போர்டில் நான் ஒருநாளும் ஒழுங்காக நின்றதில்லை, சேர். இரண்டு முறை ஏறினேன். இரண்டு முறையும் முழங்கால் தோல் போனது. அப்படிப்பட்ட என்னை அந்தப் பயணத்தில் ஏன் சேர்த்துக்கொண்டார்கள் என்று நீங்கள் கேட்டது நியாயமான கேள்விதான். பதில் லேசு. அவர்கள் என்னைச் சேர்க்கவில்லை. நான்தான் அவர்களைச் சேர்த்தேன்.

என் பெயர் முனாஸ். வயது இருபத்தொன்பது. ஊர் சாய்ந்தமருது. இந்தப் பொலிஸ் நிலையத்துக்கு நானாகத்தான் வந்தேன், யாரும் பிடித்துக்கொண்டு வரவில்லை. அதை முதலிலேயே எழுதிக்கொள்ளுங்கள்.

அவர்கள் மூன்று பேர். பஸாலும் ஸிராஜும் எங்கள் ஊர். நிதுசன் கல்முனை. மூவருக்கும் இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயது. நான் மூத்தவன் என்பதால் அண்ணன் முறைக்குக் காக்கா என்று கூப்பிடுவார்கள். அறுகம்பேயில் அலைச்சறுக்க வந்த வெள்ளைக்காரர்கள் விட்டுப்போன ஸ்கேட் பலகைகள் மூன்று அவர்களிடம் இருந்தன. வயல் பக்கம் நெல் காயப்போடும் சீமெந்துத் தளம் ஒன்று உண்டு. மட்டமாக, வழுவழுவென்று இருக்கும். பின்னேரம் அஸர் தொழுகை முடிந்ததும் அங்கே போய்விடுவார்கள். நான் ஓரத்தில் நின்று போனில் வீடியோ எடுப்பேன்.

அறுவடை தொடங்கினால் தளம் முழுக்க நெல். இந்த ஊரில் அவர்களுக்கு உருள்வதற்கு வேறு இடம் கிடையாது. பலகையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, நெல்லைக் கிண்டும் ஆட்களைப் பார்த்தபடி குந்தியிருப்பார்கள். பெரும்போக அறுவடை வரும்வரை நான் காத்திருந்தேன். அப்படி ஒரு பின்னேரத்தில்தான் கதையை எடுத்தேன்.

"தாய்லாந்தில ஒரு கம்பனி. பலகை செய்யிற ஆக்கள். நம்மட வீடியோவப் பாத்திட்டு வரச் சொல்றாங்க. பத்து நாள். ரிக்கெட் அவங்கட."

"காக்கா, பொய்யெண்டா இந்த நெல்லுக்குள்ளயே ஒங்களத் தாட்டிருவம்," என்றான் ஸிராஜ்.

நிதுசன் எப்போதும் கேள்வி கேட்பவன். "அவங்களுக்கு எங்களை எப்பிடித் தெரியும்?"

"நீ குப்புற விழுந்த வீடியோதான் நல்லா ஓடியிரிக்கி. அந்தப் பொடியனக் கட்டாயம் கூட்டி வா எண்டாங்க."

பஸால் சிரித்துச் சிரித்து நெல்லில் சாய்ந்துவிட்டான். சிரிப்பில் கேள்வி அமுங்கிப் போயிற்று.

அப்படி ஒரு கம்பனி இல்லை, சேர்.

இரண்டு வருடத்துக்கு முன் நான் பேங்கொக்கில் ஹோட்டல் வேலை பார்த்ததாக ஊரில் சொல்வார்கள். அது நான் சொல்லிக்கொடுத்த கதை. உண்மையில் எட்டு மாதம், தாய்லாந்தின் எல்லை ஆற்றுக்கு அந்தப் பக்கம், மதில் சூழ்ந்த ஒரு கட்டடத்துக்குள் இருந்தேன். கம்பியூட்டர் வேலை என்றுதான் என்னையும் கூட்டிப்போனார்கள். வேலை பாரமில்லை. அழகான பெண்ணின் படத்தைப் போட்டுக்கொண்டு, எங்கேயோ தனியாக இருக்கும் மனிதர்களோடு இங்கிலீஷில் கதைக்க வேண்டும். அவர்கள் நம்பிக் காசு அனுப்பும்வரை கதைக்க வேண்டும். ஒரு நாளைக்குப் பதினாறு மணித்தியாலம். சொன்னபடி நடக்காவிட்டால் வெயிலில் நிறுத்துவார்கள். என் முதுகைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை. காலையில் உங்கள் டொக்டர் பார்த்து எழுதியிருப்பார்.

அங்கே மேலே இருந்தவரை மெனேஜர் என்றுதான் கூப்பிடுவோம். ஒருநாள் அவர் என்னைக் கூப்பிட்டார். ஊருக்குப் போய் உன் இடத்துக்கு மூன்று பேரைக் கொண்டுவந்து தா, இப்போதே விடுகிறேன் என்றார். இளம் ஆட்கள், இங்கிலீஷ் எழுதத் தெரிந்தவர்கள், பத்து விரலும் நல்லா இருப்பவர்கள். நான் சரி என்றேன்.

ஊருக்கு வந்து சேர்ந்த பிறகு அந்தச் சொல்லைக் காற்றில் விட்டிருக்கலாமே என்று நினைப்பீர்கள். நானும் நினைத்தேன். ஏழு மாதம் பேசாமல் இருந்தேன். பிறகு என் போனுக்கு ஒரு படம் வந்தது. எங்கள் வீட்டு வாசல் கேற். வேறு ஒரு எழுத்தும் இல்லை. அப்படிப்பட்ட படத்தை இணையத்தில் வீதி காட்டும் வரைபடத்தில் யாரும் எடுக்கலாம், அதற்கு ஊருக்கு ஆள் வரத் தேவையில்லை. இது எனக்கு இப்போது தெரியும். அப்போதும் தெரியும். ஆனால் அந்தப் படத்தைப் பார்த்த பிறகு சோறு இறங்கவில்லை. பக்கத்து வீட்டு நாய் குரைத்தாலும் எழும்பி உட்காருவேன். அதோடு, கொடுத்த வாக்கைக் காப்பாற்ற வேண்டும் என்றுதான் எங்கள் வாப்பா எங்களை வளர்த்தார்.

ஒரு வேலையைச் செய்வதென்றால் ஒழுங்காகச் செய்வேன். புறப்படுவதற்கு முதல்நாள் மூன்று வீட்டுக்கும் போய்ப் பயணம் சொன்னேன். எங்கள் ஆட்களின் வழக்கம் அது. நீண்ட பயணம் போகிறவர்கள் வீடு வீடாகப் போய், செய்த பிழைகளுக்கு மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போவார்கள். மனிதருக்குச் செய்த பிழையை அந்த மனிதர்தான் மன்னிக்க வேண்டும், படைத்தவனும் அதில் தலையிட மாட்டான். பத்து நாள் உல்லாசப் பயணத்துக்கு யாரும் அப்படிச் செய்வதில்லைதான். பொடியன்கள் கேலி செய்தார்கள்.

"காக்கா ஹஜ்ஜுக்குப் போறாரு போல. எங்களயும் இஹ்றாம் உடுக்கச் சொல்வாரு," என்றான் பஸால்.

ஸிராஜின் வாப்பா மஜீட் நானா கடற்கரையில் கிழிந்த வலை பொத்திக்கொண்டிருந்தார். "தெரிஞ்சும் தெரியாமலும் செஞ்ச பிழைகளப் பொறுத்துக்கொள்ளுங்க" என்றேன். தலை நிமிராமலே, "பொறுத்தாச்சி மகன், அல்லாஹ்வும் பொறுக்கட்டும்" என்றார். பஸாலின் உம்மா ஸுலைஹா என் தலையில் கைவைத்து துஆ கேட்டார். "எல்லாம் பொறுத்தாச்சி மகன். இவன் வெயிலுக்க நிண்டா தலவலி வரும். பாத்துக்கொள்ளுங்க."

நிதுசனின் அம்மா கனகாம்பிகை பள்ளிச் சீருடை தைப்பவர். மெஷினை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"பொறுக்கிறதுக்கு நீ என்ன மனே செஞ்ச?"

"ஒண்டுமில்ல அம்மா. எங்கட ஆக்கள்ற வழக்கம்."

"ஒண்டும் செய்யாம என்னத்தப் பொறுக்கிற? போய் இவனைப் பத்திரமாக் கொண்டந்து விடு. பொறகு கேளு, தாறன்."

அதை அப்போது நான் பெரிதாக எடுக்கவில்லை. மூன்றில் இரண்டு கிடைத்துவிட்டது.

பேங்கொக்கில் பாலம் ஒன்றுக்குக் கீழே ஸ்கேட் பார்க் இருக்கிறது. அங்கே அவர்களைப் பார்த்திருக்க வேண்டும், சேர். தளத்தில் நெல் இல்லாத சந்தோஷம். உள்ளூர்ப் பொடியன்கள் பஸாலைச் சுற்றி நின்று கை தட்டினார்கள். இரண்டாம் நாள் அவன் படிக்கட்டுக் கம்பியில் இருந்து வழுகி விழுந்தான். வலது மணிக்கட்டு வீங்கிவிட்டது.

நான் மெனேஜருக்கு அறிவித்தேன். மறைப்பது முறையில்லை. கை சரியில்லாதவன் எனக்கு எதற்கு, அவனை வீட்டுக்கு அனுப்பிவிட்டுப் பிறகு இன்னொருவனைத் தா என்று பதில் வந்தது.

அன்றைக்கே பஸாலும் ஊருக்குப் போகப் போகிறேன் என்றான். ரிக்கெட்டை மாற்றுவது ஐந்து நிமிட வேலை. நான் மெனேஜரிடம் கை ஆறுவதற்கு ஐந்து நாள் தவணை கேட்டேன். இன்னொரு பொடியன், இன்னொரு வீடு, இன்னொரு உம்மா. அதையெல்லாம் திரும்பத் தொடங்க என்னிடம் தெம்பு இருக்கவில்லை.

அந்த ஐந்து நாளும் அவன் கையை நான்தான் பார்த்தேன். காலையும் மாலையும் எண்ணெய் சுடவைத்துப் பூசினேன். ஐஸ் வைத்தேன். சோற்றைப் பிசைந்து ஊட்டினேன். ஒவ்வொரு விரலாக மடக்கி நீட்டச் சொன்னேன்.

"இன்னும் கொஞ்சம் பூசினீங்கெண்டா பொரிச்சே எடுத்திரலாம்," என்றான் நிதுசன்.

பஸால் சிரிக்கவில்லை. "காக்கா, நீங்க இல்லாட்டி நான் முந்தநாத்தே ஊருக்குப் போயிருப்பன்," என்றான். நன்றியாகத்தான் சொன்னான்.

ஐந்தாம் நாள் போனில் நாலு வரி எழுதச் சொன்னேன். வலியில்லாமல் எழுதினான். அல்ஹம்துலில்லாஹ் என்றேன். மனதார.

மறுநாள் காலை வேன் வந்தது. மலைப்பக்கம் புதிய பார்க் ஒன்று, கம்பனிக்காரர்கள் அங்கேதான் வீடியோ எடுப்பார்கள் என்று சொல்லியிருந்தேன். ஏழு மணித்தியால ஓட்டம். மூன்று பேரும் பலகையை மடியில் வைத்திருந்தார்கள். பகல் இரண்டு மணிபோல எல்லை ஊருக்குக் கிட்ட ஒரு பெற்றோல் நிலையத்தில் வேன் நின்றது. தேத்தண்ணி வாங்கி வருகிறேன் என்று இறங்கினேன்.

"எனக்கும் ஒண்டு காக்கா. சீனி கூட," என்றான் பஸால்.

நான் கடைக்குள் நுழையும்போது வேன் புறப்பட்டது. மெனேஜரோடு அப்படித்தான் பேசிவைத்திருந்தேன். ஆனால் நான் இரண்டு தேத்தண்ணி வாங்கிவிட்டேன். ஒன்றில் சீனி கூட. வீணாக்கக் கூடாது என்று இரண்டையும் குடித்தேன்.

ஊருக்கு வந்து, நாங்கள் ஏமாற்றப்பட்டோம், நான் மட்டும் தப்பி ஓடினேன் என்றேன். யாரும் சந்தேகப்படவில்லை. ஸுலைஹா உம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, ஒரு பிள்ளையாவது வந்துசேர்ந்ததே என்று அழுதார். ஒவ்வொரு வெள்ளியும் எனக்குச் சோறு அனுப்புகிறார். இன்றைக்கும் வந்திருக்கும்.

மூன்றாம் மாதம் என் போனுக்கு ஒரு செய்தி வந்தது. தங்கநிறக் கூந்தலோடு ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் படம். நானும் அப்படிப் படங்கள் போட்டு வேலை செய்தவன், உடனே விளங்கிவிட்டது. "காக்கா, பஸால். நீங்க உசிரோட இரிக்கீங்களா? ஒங்களயும் புடிச்சி அடைச்சிட்டாங்களெண்டு ஸிராஜ் அழுறான். நிதுசன வேற கட்டடத்துக்குக் கொண்டு போயிட்டாங்க. வீட்டுக்குச் சொல்லுங்க. கை நல்லாயிரிக்கி."

வாசித்தேன். அந்த இலக்கத்தைத் தடைசெய்தேன். செய்தி அனுப்பியது அங்கே பிடிபட்டால் அவனுக்குத்தான் அடி விழும். அவனுடைய நன்மைக்காகச் செய்தது அது.

நீங்கள் இடத்தைக் கேட்கிறீர்கள். எனக்குத் தெரிந்ததை வரைந்து தந்திருக்கிறேன். ஆனால் அந்தக் கட்டடம் இப்போது வெறுமையாக இருக்கிறது என்று கேள்வி. அவர்கள் ஆட்களோடு அடிக்கடி இடம் மாறுவார்கள். எங்கே என்று எனக்குத் தெரியாது. இனி யாருக்கும் தெரியாது என்றுதான் நினைக்கிறேன். அதற்கு நான் என்ன செய்ய முடியும்?

ஏன் இப்போது வந்தேன் என்பதையும் சொல்கிறேன். அடுத்த மாதம் உம்மாவோடு மக்காவுக்கு உம்றாப் பயணம் போகிறேன். இதுதான் உண்மையான பயணம், இதற்குக் கணக்குத் தீர்க்காமல் போகக் கூடாது. வெளியூர் மௌலவி ஒருவரிடம், ஒருவர் மன்னித்துவிட்டால் அந்த விசயம் முடிந்ததா என்று கேட்டேன். முடிந்தது என்றார். பிழை முந்தியா, மன்னிப்பு முந்தியா என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. ஆகவே மஜீட் நானாவும் ஸுலைஹா உம்மாவும் முடிந்தது. மிச்சம் கனகாம்பிகை அம்மா.

மூன்று முறை போனேன். கடைசியாகப் போனது தீபாவளிக்கு முதல் கிழமை. மகனுக்குச் சேட் தைத்துக்கொண்டிருந்தார்.

"நீ கூட இரிந்தவன், சொல்லு மனே. அவன் மெலிஞ்சிருப்பானா?"

அங்கே என்ன சாப்பாடு என்று எனக்குத் தெரியும். "ஓம் அம்மா, நல்லா மெலிஞ்சிருப்பான். அளவில ரெண்டு இஞ்சி கொறைங்க," என்றேன். அதில் நான் பொய் சொல்லவில்லை. அவர் ஊசியைக் கழற்றி, ஓரத்தைப் பிரித்து, இரண்டு அங்குலம் உள்ளே மடித்தார். அப்போது கேட்டேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள் அம்மா என்று.

"அவன் வந்து இந்தச் சேட்டைப் போடட்டும். பொறகு கேளு, தாறன்."

அதே பதில். வாங்காமல் அந்த வாசலை விட்டு எத்தனை முறை திரும்புவது? எனக்கு வேறு வழி தெரியவில்லை, சேர். அதனால்தான் இங்கே வந்தேன்.

ஓம். மூன்று பேரையும் நான்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன். தெரிந்தே கொடுத்தேன். கையெழுத்துப் போடுகிறேன், எங்கே போட வேண்டும் என்று காட்டுங்கள்.

பயணத்துக்கு இன்னும் பதினெட்டு நாள் இருக்கிறது. எப்படியும் நீங்கள் கனகாம்பிகை அம்மா வீட்டுக்குப் போகத்தான் வேண்டும். நல்லாகக் கதைக்கத் தெரிந்த ஒருவரை அனுப்புங்கள். முதலில் அந்த அம்மாவிடம் எனக்கான மன்னிப்பை வாங்கிவிடட்டும். நான் செய்தது என்ன என்பதைப் பிறகு சொல்லலாம்.